இரண்டாவது வரிசையில் ஒரு முகம்

நான் கட்டிக்கொண்டு போன தக்காளி சாதம் வாயில் வைக்க விளங்கவில்லை என்பதை எனக்கு நேருக்கு நேர் தெரிவித்த ஒரே ஆள் அந்த அக்காதான். அதையும் வாயால் சொல்லவில்லை. டிவி நிகழ்ச்சிக்குப் போகிற வேனில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளே என்று மரியாதைக்கு ஒரு கரண்டி கொடுத்தேன். ஒரு வாய் போட்டாள். புருவம் ஒரு பக்கம் போனது, உதடு ஒரு பக்கம் போனது. "நல்லாக்கீதும்மா" என்றது வாய். முகம் என்ன சொன்னது என்பதை இங்கே எழுத எனக்கு மனசில்லை. சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் மிச்சத்தைத் தின்று பார்த்தால், அடக் கடவுளே, உப்பே போடவில்லை. காலையில் அதே சாதத்தைப் பிரமாதம் என்று சொல்லிச் சாப்பிட்ட என் வீட்டுக்காரர்மேல் அன்றைக்கே எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டது டிவியால். பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் பேச ஒன்றும் இல்லாமல் போனது. மந்தைவெளியில் எங்கள் ஃபிளாட்டின் கீழ்வீட்டுக்காரி டிவி நிகழ்ச்சிகளுக்குப் பார்வையாளர் பிடித்து அனுப்புகிற ஏஜென்ட். "சும்மாதானே இருக்கீங்க, ஏ.சி.ல உக்காந்து கை தட்டிட்டு வாங்களேன்" என்றாள். போனேன். மயிலாப்பூர் குளத்துப் பக்கம் வேன் ஏறினால், பாலவாக்கம் தாண்டி ஈ.சி.ஆர். ரோட்டில் ஒரு பெரிய கொட்டகையில் இறக்கிவிடுவார்கள். வெளியே பார்த்தால் சிமெண்ட் குடோன் மாதிரி இருக்கும். உள்ளே போனால் கல்யாண மண்டபம் தோற்றுப்போகும்.

குடும்பச் சண்டைகளை மேடையில் வைத்து உரிக்கிற நிகழ்ச்சி அது. ஞாயிறு காலை நேரலை. வீட்டிலிருந்து பார்க்கும்போது திரையின் மூலையில் சிவப்பாக அந்த எழுத்து எரியுமே, அதை நான் வேதவாக்காக நம்பியிருந்தவள். போய் உட்கார்ந்த பிறகுதான் சங்கதி தெரிந்தது. மேடையில் பேசுவது நேரலைதான். நடுநடுவே காட்டுகிறார்களே எங்கள் முகங்கள், அவற்றில் பாதிக்கு மேல் காலையிலேயே எடுத்து வைத்துக்கொண்டவை. நிகழ்ச்சி ஆரம்பிக்குமுன் காதில் ஹெட்போன் மாட்டிய ஃப்ளோர் மேனேஜர் பையன் வந்து நிற்பான். "எல்லாரும் கை தட்டுங்க. இப்ப சிரிங்க. இப்ப ஆச்சரியமா பாருங்க. ரெண்டாவது வரிசை கண்ணத் துடைங்க." எதற்குச் சிரித்தோம், எதற்கு அழுதோம் என்று கேட்கக் கூடாது. வெள்ளைப் புடவை கூடாது, பொடிக் கட்டம் போட்டது கூடாது, கண்ணாடி வளையல் கூடாது, கேமராவைப் பார்க்கவே கூடாது. செல்போனை வாசலிலேயே பிடுங்கி ஒரு பையில் போட்டுவிடுவார்கள்.

அந்த அக்காவுக்கு இது வரவே வராது. நாங்களெல்லாம் வெட்கமில்லாமல் ஈயென்று இளிப்போம். அவள் மட்டும் மூஞ்சியை வெறுமனே வைத்துக்கொண்டு, "இன்னா நைனா, சும்மா சிரின்னா எப்படி சிரிக்கிறது? ஒரு ஜோக்கு சொல்லு" என்பாள். அவன் தலையில் அடித்துக்கொண்டு ஏதாவது கடி ஜோக் சொல்வான். உடனே முகம் பூராவும் சிரிப்பாகிவிடும், கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு. நிகழ்ச்சி ஓடும்போதோ கேட்கவே வேண்டாம். மேடையில் எவளோ ஒருத்தி மாமியார் சூடு வைத்த கதையைச் சொன்னால், சூடு இவள் கையில் விழுந்த மாதிரி இருக்கும். கேமராக்காரர்களுக்கு அவள் என்றால் உயிர். இரண்டாவது வரிசையில் நடு நாற்காலி அவளுக்கு. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த புண்ணியத்தில் என் தோளும் அடிக்கடி டிவியில் வந்தது.

இந்த முகத்தால் அவள் பட்டது கொஞ்சமில்லை. தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் புடவை விற்கிற வேலையில் இருந்திருக்கிறாள். வருகிறவர்கள் தோளில் புடவையைப் போட்டுக் கண்ணாடி முன் நிற்கும்போது, "சூப்பரா எடுக்குதுக்கா" என்று சொல்ல வேண்டும். சொல்வாள். முகம் சொல்லாது. ஒருநாள் கல்யாணப் பட்டு எடுக்க வந்த அம்மா, கரும்பச்சையைப் போர்த்திக்கொண்டு திரும்பி இவள் முகத்தைப் பார்த்தார். புடவையை மேஜைமேல் வீசிவிட்டு, குடும்பத்தையே ஓட்டிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

"அண்ணாச்சி இன்னா சொன்னாரு தெரியுமா?" அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "ஏட்டி, ஒன் வாய்க்குத்தான் சம்பளம் கொடுக்கேன், மூஞ்சிய யாரு கேட்டான்னாரு. அப்பால மேல குடோன்ல துணி மடிக்கப் போட்டாங்க. அங்க யாரு என் மூஞ்சிய பாக்கப் போறா?"

புருஷன் செத்தபோதும் இதே கதைதான். குடித்துவிட்டு வந்து தினமும் கைநீட்டியவன். ஊரே சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறது, இவள் கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. நாத்தனார் வந்து காதில், "சும்மாவாச்சும் அழுவேன்டி, ஊரு சிரிக்குது" என்று கெஞ்சினாளாம். "எனக்கு வர்லயேம்மா, இன்னா பண்ணட்டும்?" என்று என்னிடமும் அப்பாவியாகக் கேட்டாள்.

அவளுக்கு ஒரே பெண். நான் பழகுவதற்கு முன்பே அந்தப் பெண் ஒரு பையனை விரும்பி, அவனோடு போய்விட்டாள். எங்கே போனாள் என்று தெரியாது, போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். அக்கா அதைப் பற்றி அதிகம் பேசமாட்டாள். பேசினாலும் ஒரே பாட்டுதான்.

"ஒரு வார்த்த தப்பா பேசல நானு. சாமி சத்தியமா. ஊட்டுக்கு இட்டாந்தா, அந்தப் பையனப் பாத்தேன், ஒண்ணுமே சொல்லல. விடிஞ்சி பாத்தா ரெண்டு பேரும் இல்ல."

"ஒண்ணுமே சொல்லாம எப்படிக்கா போவா?" என்று கேட்டால், அந்தப் பக்கம் ஜன்னலைப் பார்ப்பாள். பெற்ற வயிறு, தோண்டித் துருவ வேண்டாம் என்று நானும் விட்டுவிடுவேன்.

பிறகு ஒரு ஞாயிறு, பெண்ணைப் பிரிந்த ஒரு தாய் மேடைக்கு வந்தார். அக்கா அழுத அழுகையில் எனக்குப் பயமே வந்துவிட்டது. கேமரா அவளைவிட்டு நகரவே இல்லை. நிகழ்ச்சி முடிந்து, போனை வாங்கிக்கொண்டு வேன் ஏறினோம். நீலாங்கரை சிக்னலில் நிற்கும்போது அவள் போன் அடித்தது. புது நம்பர். எடுத்தவள் பேசவே இல்லை, முகம் மட்டும் மலர்ந்துகொண்டே போனது. அந்தப் பக்கம் யார் என்று வேன் மொத்தத்துக்கும் தெரிந்துவிட்டது.

பெண் திருப்பூர்ப் பக்கம் இருந்தாள். டிவியில் அம்மாவைப் பார்த்திருக்கிறாள். "போன்ல நீ எவ்ளோ அழுதிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேம்மா. மூஞ்சியப் பாத்துட்டேன், நம்புறேன்" என்றாளாம். அக்கா இதை என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள், ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வதுபோல.

அதிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஞாயிறு காலை பெண் அங்கே டிவி முன் உட்காருவாள். அம்மா இங்கே இரண்டாவது வரிசையில் உட்காருவாள். நிகழ்ச்சி முடிந்ததும் போன். அக்கா நடு நாற்காலிக்காக மற்ற பெண்களோடு சண்டைகூடப் போட்டாள். ஜலதோஷம் பிடித்து மூக்கு ஒழுகிய அன்றைக்கும் வந்தாள். "நான் வர்லன்னா, அம்மாக்கு இன்னா ஆச்சோன்னு பயப்படுவா" என்பாள். விலாசம் மட்டும் பெண் தரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றே தள்ளிக்கொண்டிருந்தாள்.

பிறகு பெண் உண்டாகியிருக்கிறாள் என்ற செய்தி வந்தது. அக்கா என்னை ரங்கநாதன் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அந்த நெரிசலில் நின்று, பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் பொறுக்கினாள். ஏழாம் மாதம் சிந்தாதிரிப்பேட்டை வீட்டிலேயே வளைகாப்பு, பிரசவமும் இங்கேயே என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். பெண் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "என்னய மட்டும் கூப்டா வரமாட்டேம்மா. அவரயும் நீதான் கூப்புடணும். வர்ற ஞாயித்துக்கெழம ஷோ முடிஞ்சதும் அவர்கிட்ட போன தர்றேன். நீ வாயால மாப்ளன்னு கூப்டு, ரெண்டு பேரும் வர்றோம்."

அந்த வாரம் முழுக்க அக்கா எனக்குப் போன் போட்டு ஒத்திகை பார்த்தாள். 'வாங்க மாப்ளை' என்பதா, 'வாப்பா' என்பதா? நான், "மாப்ளன்னே சொல்லுக்கா, குறைஞ்சா போயிடுவே" என்றேன்.

அந்த ஞாயிறு செட்டுக்குள் நுழையும்போதே ஏதோ ஒரு வாடை. பலகை அடித்துப் படிப்படியாகக் கட்டிய கேலரிக்கு அடியில் எலி செத்துக் கிடந்திருக்க வேண்டும். ஃப்ளோர் மேனேஜர் பையன் ஏதோ ஸ்பிரேயை அடித்துவிட்டு வழக்கம்போல் ஆரம்பித்தான். கைதட்டல் ஆயிற்று, சிரிப்பு ஆயிற்று. "இப்ப பிடிக்காத மாதிரி ஒண்ணு குடுங்க. அசிங்கமா ஒண்ணு கேட்டுட்டா எப்படிப் பாப்பீங்க, அப்படி" என்றான். நாங்கள் ஆளாளுக்கு மூஞ்சியைக் கோணலாக்கினோம். அக்கா மட்டும், "இன்னாத்த கேட்டுட்டேன்னு மூஞ்சிய சுளிக்கிறது நைனா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து எவனோ ஏ.சி.யைப் போட்டான். அடியில் கிடந்தது அத்தனையும் குப்பென்று எங்கள் வரிசைக்கு ஏறியது. அக்காவின் மூக்கு சுருங்கி, கண் இடுங்கி, முகம் வெடுக்கென்று ஒரு பக்கம் திரும்பிக்கொண்டது. வாசலில் வந்து நிற்கிற ஒருத்தரைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்புவதுபோல இருந்தது.

"சூப்பர்க்கா! இதான் வேணும்!" என்று பையன் குதித்தான். அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "அந்த எலிக்கு ஒரு கும்புடு போடு" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

நேரலை ஆரம்பித்தது. இரண்டாவதாக மேடைக்கு வந்தவள் ஒரு சின்னப் பெண். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவள், இடுப்பில் குழந்தை. "எங்கம்மா இன்னிய வரைக்கும் எங்க வீட்டுக்காரர ஒரு தடவகூட நேரா பாத்ததில்ல. அம்மா, நீ இதப் பாத்துட்டு இருந்தா, ஒரே ஒரு தடவ எங்க வீட்டுக்கு வாம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

என் பக்கத்தில் அக்கா தாரை தாரையாக அழுதுகொண்டிருந்தாள். உதடு துடிக்கிறது, வலது கை அவளையும் அறியாமல் அந்தப் பெண்ணை 'வா, வா' என்று கூப்பிடுகிறது. நான் தற்செயலாக மேடை ஓரத்து டிவியைப் பார்த்தேன். அந்தக் குழந்தைக்காரி கும்பிட்டு முடிக்கிறாள், அடுத்து அக்காவின் முகம். அழுகிற முகமா என்றால் இல்லை. காலையில் எலி நாற்றத்துக்குச் சுளித்துத் திருப்பிக்கொண்ட அந்த முகம். திரை முழுக்கப் பெரிதாக. மேலே மூலையில் நேரலை என்று சிவப்பாக எரிகிறது. பக்கத்தில் இருக்கிறவளோ ஒன்றும் தெரியாமல் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாள்.

போனை வாங்கியதும் அவள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். நீலாங்கரை போனது, திருவான்மியூர் போனது, அடையாறு பாலம் வந்தது. "லைன் கெடைக்கலயோ இன்னாவோ" என்றாள். இதற்குமேல் என்னால் முடியவில்லை. நான் பார்த்ததைச் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டே வந்தவள், "அய்யோ, இன்னிக்குன்னு அவனையும் பக்கத்துல குந்த வெச்சிருப்பாளே" என்று மட்டும் சொன்னாள். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் ஆற்றைப் பார்த்தேன்.

வேனிலிருந்தே ஃப்ளோர் மேனேஜருக்குப் போன் போட்டுக் கத்தினேன். பாவம், அவன் என்ன செய்வான். "எந்த ஷாட்ட எங்க போடுவாங்கன்னு எனக்கே தெரியாதுக்கா. உள்ள ரூம்ல இருக்கறவங்க பட்டன அமுக்கறது. லைவ்ல போனது போனதுதான்" என்றான்.

அக்கா கூப்பிட்டபோது பெண் எடுக்கவில்லை. மறுநாள் என் போனிலிருந்து நான் கூப்பிட்டேன். எடுத்தாள். யார் என்று சொல்லி, எலியிலிருந்து ஆரம்பித்து ஏ.சி. வரைக்கும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"எலியா?" என்றாள் கடைசியில்.

"ஆமாம்மா, நானும் மூக்கப் பிடிச்சிக்கிட்டுதானே உக்காந்திருந்தேன். உங்கம்மா நிஜத்துல உனக்காக அழுதுட்டு இருந்தா."

"எங்கம்மாக்கு நடிக்கத் தெரியாது ஆன்ட்டி."

"அதத்தான் நானும் சொல்றேன்."

"எனக்கு அந்த மூஞ்சி தெரியும். நீங்க டிவில ஒரு தபாதான் பாத்தீங்க. அவரு எதுவும் சொல்லல ஆன்ட்டி. எழுந்து வெளிய போயிட்டாரு. நானும் இனிமே அவர அங்க வாங்கன்னு கூப்புட மாட்டேன்." வைத்துவிட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பெற்றவளை நம்பாமல், டிவிப் பெட்டியை நம்புகிறாளே, திமிர் பிடித்தவள் என்று வீட்டுக்காரரிடம் கரித்துக் கொட்டினேன்.

அடுத்த ஞாயிறும் அக்கா வந்தாள். பெண் எப்படியும் பார்ப்பாள், நல்ல முகமாகக் காட்டிவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். நான்கூட வேனில் சொல்லிக் கொடுத்தேன், இப்படிச் சிரி, லேசாகத் தலையாட்டு என்று. எங்கே? சிரிக்கச் சிரிக்க அந்த முகம் இன்னும் கெட்டது. ஃப்ளோர் மேனேஜர் பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அக்கா, இன்னிக்கு ரொம்ப டல்லா இருக்கீங்க, கொஞ்சம் பின்னாடி உக்காருங்களேன்" என்று, பூ அலங்காரத்துக்குப் பின்னால் கடைசி வரிசையில் கொண்டுபோய் உட்காரவைத்தான். அங்கே கேமரா வராது. அதற்குப் பிறகு அவள் வரவில்லை. நானும் வெறுத்துப்போய் நின்றுவிட்டேன்.

சில மாதம் கழித்து, அதே சேனலில் ஒரு சமையல் போட்டி. எவனோ கருகிப்போன ஒன்றைத் தட்டில் வைக்கிறான். பார்வையாளர்களைக் காட்டுகிறார்கள். அக்காவின் அதே முகம், அதே வெடுக்கென்ற திருப்பல். கையிலிருந்த ரிமோட்டை வீசி எறிந்தேன். இவர்களை விடக் கூடாது என்று பஸ் பிடித்துச் சிந்தாதிரிப்பேட்டை போனேன். கூவத்தை ஒட்டிய சந்தில், மாடியில் ஒரே அறை. அக்கா இளைத்திருந்தாள். ஏழாம் மாதம் போய்விட்டது, பிரசவமும் ஆகியிருக்கும், யாரும் எதுவும் சொல்லவில்லை என்றாள். டீ போட்டுக் கொடுத்தாள்.

"விடக் கூடாதுக்கா. வா, ரெண்டு பேரும் அந்த ஆபீஸ் வாசல்ல போய் உக்காருவோம். அது எலி நாத்தத்துக்கு எடுத்ததுன்னு அவங்களே டிவில சொல்லட்டும். உம் பொண்ணு பாக்கட்டும்" என்று கத்தினேன்.

அக்கா என் எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு அவ அந்தப் பையன இட்டாந்தா பாரு, அவன் குளிச்சி, தல வாரி, புதுச்சட்ட போட்டுகினு, கைல ஸ்வீட்டு டப்பாவோட வாசல்ல வந்து நின்னான். ஒரு நாத்தமும் இல்ல. இங்க மீன் மார்க்கெட்டுல பொட்டி தூக்குற பையன்னு அவ சொன்னது காதுல வுழுந்துது, அவ்ளோதான். நான் பட்டுப்பொடவ விக்கிற கடைல வேல செய்றவளாச்சே, எனக்கு அப்ப அவ்ளோ திமிரு. கூவத்து ஓரமா குந்திகினு கீறவளுக்கு மூக்கு இன்னா மூக்கு? ஆனா சுளிச்சேன். மூஞ்சிய திருப்பிகினேன். வாயால ஒண்ணும் சொல்லலதான். அவன் டப்பாவ வாசல்லயே வெச்சிட்டு எறங்கிப் போனான்."

நான் டீயைக் கீழே வைத்தேன்.

"நீ டிவில பாத்தியே, அதே மூஞ்சிதான். அவளுக்கு அடையாளம் தெரியாதா? எலிக்கு சுளிச்சது டிவிக்காரங்க போட்டது. அவனுக்கு சுளிச்சது நான் போட்டது. இப்ப நீயே சொல்லு, நான் யாரு வாசல்ல போய் சண்ட போடுறது?"